டச்சுக் கிழங்கும் குற்றாலச் சாரலும்

கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி "இந்தப் பூ கிடைக்குமா?" என்று கேட்கும் வாடிக்கையாளர் நர்சரிக்காரர் யாருக்கும் புதியவர் அல்லர். அந்தப் படங்களில் அல்லியமும் வரத் தொடங்கிவிட்டது: இடுப்பளவு உயரத்துக்கு ஒற்றைத் தண்டு, உச்சியில் உருண்டையாக ஊதாப் பூக்கொத்து. இணையக் கடைகளில் இதன் டச்சுக் கிழங்கும் விற்கிறார்கள். தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் இதை வாங்கி விற்கலாமா என்று கேட்டால் எங்கள் பதில் இதுதான்: ஆண்டுதோறும் பூக்கும் என்று சொல்லி விற்கக் கூடாது.

வெங்காயம், பூண்டு இனமான அல்லியத்தில் அலங்காரத்துக்கு வளர்ப்பவை பெரும்பாலும் மத்திய ஆசியா, ஈரான், துருக்கி மலைச்சரிவுகளில் இருந்து வந்தவை. அங்கே குளிர்காலம் பனி, வசந்தம் ஈரம், கோடை ஈரமே இல்லாத வறட்சி. கோடையில் இலை காய்ந்ததும் கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். பெரிய பந்து பூக்கும் இனங்களில் அடுத்த ஆண்டின் பூ மொட்டு அந்த உறக்கத்திலேயே கிழங்குக்குள் உருவாகிவிடும். ஆனால் தண்டு நீண்டு அது வெளியே வர, அடுத்து வரும் குளிர் பல வாரம் நீடிக்க வேண்டும். குளிர் கிடைக்காத கிழங்கு இலை விடும். மொட்டு உள்ளேயே கருகும் அல்லது குட்டையான தண்டில் சிதைந்து வரும்.

நீண்ட குளிரும் உலர்ந்த கோடையும் நம் ஊரில் சேர்ந்து கிடைப்பதில்லை. மார்கழி இரவில்கூட வெப்பம் 20 டிகிரியைவிட்டுப் பெரிதாக இறங்குவதில்லை. நிலநடுக்கோட்டிலிருந்து 9 டிகிரி வடக்கே இருப்பதால் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே வித்தியாசம்; குளிர்காலம் என்று தனியாக ஒன்றும் இல்லை. கிழங்கு உலர்ந்து கிடக்க வேண்டிய ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது. அந்த ஈரத்தில் அடித்தட்டு அழுகாமல் காப்பது கடினம். கிழக்கே ஆலங்குளம், சுரண்டைப் பக்கம் அதே மாதங்களில் காற்று மட்டுமே, மழை சொற்பம். கோடை உறக்கத்துக்கு அந்த மண் பொருந்தலாம். குளிருக்கு அங்கேயும் வழியில்லை.

குளிர்பெட்டி முறையும் இருக்கிறது. கிழங்கை 4, 5 டிகிரியில் 12 முதல் 16 வாரம் வைத்து, பிறகு நடுவது. பழங்களோடு ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது; பழம் விடும் எத்திலீன் மொட்டைக் கெடுக்கும். இப்படிச் செய்தால் ஒருமுறை பூக்க வாய்ப்புண்டு. அதன்பின் நம் வெப்பத்தில் இலை விரைவில் காய்ந்து, கிழங்கு சிறுத்துப் போகும். வெட்டுப்பூ வாங்குவதுபோல ஒருமுறைச் செலவென்று தெரிந்தே வாங்குபவருக்கு விற்பதில் தவறில்லை. அதைச் சீட்டில் எழுதிக் கொடுப்பதுதான் நம் தொழிலுக்கு மரியாதை.

இதைவிட எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது நோய். பாவூர்சத்திரம், ஆலங்குளம் வட்டாரம் சின்ன வெங்காய நிலம். வெளிநாட்டுக் கிழங்குக்கு இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை சொல்கிறது. பொட்டலத்தில் இரண்டும் இல்லாமல் வரும் கிழங்கை யாரும் தொடக் கூடாது. வெங்காய இனங்களைத் தாக்கும் வெள்ளை அழுகல் பூஞ்சையின் கடுகைவிடச் சிறிய கரிய வித்துகள் மண்ணில் 20 ஆண்டுக்குக்கூட உயிரோடு கிடக்கும். நம் சமவெளி மண்ணின் சூட்டில் அது தலையெடுப்பது அரிது. மலைக் குளிரில் அப்படியல்ல. சாரல் சீசனுக்கு வரும் கேரள விருந்தினர் இங்கே வாங்கும் தொட்டி எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாது. அது வட்டவடை, காந்தளூர்ப் பூண்டு வயலோரம் போய்ச் சேரலாம். கொடைக்கானல் மலைப்பூண்டுத் தோட்டத்துக்கும் போகலாம். ஒரு தொட்டிக் கிழங்கின் லாபத்துக்காக அந்த விவசாயிகளின் மண்ணைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை.

வெளியூர்ச் செடி என்றாலே வேண்டாம் என்பது எங்கள் கட்சி அல்ல. கம்பெனி காலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் கொண்டுவந்து நட்டுப் பார்த்த ஊர் குற்றாலம். மங்குஸ்தானும் ரம்புட்டானும் சீசன் கடைகளில் குவிகின்றன. அவையெல்லாம் ஈரமும் சூடும் குறையாத தென்கிழக்காசியத் தீவுகளையும் கரைகளையும் சேர்ந்தவை. வந்த இடத்தின் வானிலையும் நட்ட இடத்தின் வானிலையும் ஒத்துப்போனதால் நிலைத்தன.

அந்தக் கணக்குப்படி தேடினால் உருண்டைப் பூவுக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு செடி இருக்கிறது. ஃபுட்பால் லில்லி, மே மாதப் பூ என்று வீடுகளில் வழங்கும் ஸ்கேடாக்ஸஸ். ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, 2009-இல் வந்த வகைப்பாட்டுத் திருத்தத்துக்குப் பின் அல்லியமும் இதுவும் ஒரே குடும்பம். இதன் உறக்கத்துக்குக் குளிர் வேண்டாம், வறட்சி போதும். மார்கழி முதல் பங்குனி வரை நீர் விடாமல் ஓரமாக வைத்திருந்தால், கோடை மழை விழுந்ததும் சிவப்புப் பந்து எழும்பிவிடும். நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பூக்கள் சேர்ந்த பந்து அது. பிறகு வரும் இலைக்குச் சாரல் காலம் முழுவதும் தீனி. மர நிழலிலும் வளரும். கிழங்கின் கழுத்து மண்மட்டத்தில் தெரியும்படி நட்டு, நாலைந்து ஆண்டு கிளறாமல் விட்டால் பக்கக் கிழங்கு தானே பெருகும். கிழங்கில் நச்சு உண்டு. குழந்தைகள், ஆடு மாடு எட்டாமல் வைக்கச் சொல்லி விற்க வேண்டும்.

ஒரு சங்கடம், சீசன் கூட்டம் வரும்போது பூ முடிந்து இலை மட்டும் நிற்கும். சில தொட்டிகளைக் கூரையின் கீழ் உலர்வாகவே வைத்திருந்து வைகாசிக் கடைசியில் நீர் விட்டால் பூ தள்ளிப்போகிறதா என்று யாராவது முறையாகச் செய்து பார்க்க வேண்டும்.

அல்லியமேதான் வேண்டும் என்பவருக்கும் வழியுண்டு. தட்டை இலையுள்ள கார்லிக் சைவ்ஸ் வெப்ப நாடுகளிலும் பூக்கும். தாய்லாந்தில் அதன் பூந்தண்டைக் காய்கறியாகவே சந்தையில் விற்கிறார்கள். வெள்ளைப் பூங்கொத்து, தூரைப் பிரித்து நடலாம், சமையலுக்கும் ஆகும். மேட்டுப்பாத்தியும் நல்ல வெயிலும் கொடுத்தால் போதும். இன்னொன்று நம் கண்ணெதிரே இருந்தும் தோட்டக்காரர் கவனிக்காதது: கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 சின்ன வெங்காயம். சமவெளியிலேயே பூத்து விதை பிடிக்கும் ரகம் என்பதே அதன் சிறப்பு. விவசாயி அதை விதைக்காக வைத்திருக்கிறார். பூவுக்காகவும் வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் விதை வெங்காயத்தை நெருக்கி நட்டால், பனிக்காலத்தில் வெள்ளை உருண்டைகள் வரிசையாக எழும், தேனீயும் வரும். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலைப் பார்க்கவே கேரளத்தவர் மலை தாண்டி வருகிறார்கள். எண்ணெய் வித்துக்காக விதைத்த பயிர்தான் அது. வெங்காயப் பூவுக்கும் அந்தத் தகுதி உண்டு என்று உறுதியாக நம்புகிறோம்.

வரும் ஐப்பசியில் ஒரு பாத்தியாவது கோ 5 நட்டுப் பாருங்கள். நட்ட தேதி, முதல் பூந்தண்டு தெரிந்த தேதி, எத்தனை கிழங்குக்கு எத்தனை தண்டு, இலைப்பேன் பூச்சியும் ஊதாப் பொட்டு நோயும் எவ்வளவு என்று குறித்து எங்களுக்கு அனுப்புங்கள். குற்றாலத்து ஈரப் பகுதியிலிருந்து வரும் குறிப்பையும் ஆலங்குளத்துக் காற்றுப் பகுதியிலிருந்து வரும் குறிப்பையும் எங்கள் பங்குனி இதழில் பக்கத்தில் பக்கமாக அச்சிடுவோம்.