25 வருஷம் கழிச்சு வர்ற 75 லட்சமும், அப்பா கேட்ட தரங்கம்பாடியும்

நம்ம சேனலுக்கு அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "மேடம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோட வீக்எண்ட் ட்ரிப் போறோம். பன்னெண்டாயிரம், பதிமூணாயிரம் ஆயிடுது. இதை நிறுத்திட்டு எஸ்ஐபி-ல போட்டுடலாமா?"

நாலு வருஷத்துக்கு முன்னாடி இதே கேள்விக்கு "தாராளமா போடுங்க"ன்னு ஒரு வீடியோ போட்டேன். மாசம் 4,000 ரூபாய், வருஷத்துக்கு 12% வருமானம்னு வெச்சுக்கிட்டா 25 வருஷத்துல சுமார் 75 லட்சம். நாம கையிலிருந்து போட்டது 12 லட்சம்தான். போர்டுல எழுதிக் காட்டினேன், கமெண்ட்ல நிறைய பேர் கை தட்டினாங்க. அந்தக் கணக்கு சரி. நான் சொன்ன பதில் தப்புன்னு இன்னைக்கு நினைக்கிறேன். ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல கணக்காளரா ஒரு விஷயம். அந்த 75 லட்சத்தை இன்றைய விலைவாசியில் பார்க்கணும். வருஷத்துக்கு 6% பணவீக்கம்னா, 25 வருஷம் கழிச்சு வர்ற 75 லட்சத்தோட இன்றைய மதிப்பு ஏறக்குறைய 17.5 லட்சம். நல்ல தொகைதான், நான் குறை சொல்லலை. ஆனா 75 லட்சம்னு சொல்லி உங்களைப் பயமுறுத்தி வீட்டுக்குள்ள உட்கார வெச்சது நியாயமில்லை. 12% வரும்கிறதுக்கும் உத்தரவாதம் எதுவும் கிடையாது.

ரெண்டாவது விஷயம் கணக்குல வராதது. அந்த வீடியோவை எங்க அப்பாவும் பார்த்தார். அவர் வேலையில சேர்ந்த புதுசுல மாயவரத்துல ரெண்டு வருஷம் இருந்தவர். ஞாயித்துக்கிழமையானா சைக்கிளை எடுத்துக்கிட்டு தரங்கம்பாடி கடற்கரைக்குப் போயிடுவாராம். 1620-ல டேனிஷ்காரங்க கட்டின அந்தக் கோட்டையையும், அதுக்கு முன்னாடி இருக்கிற கடலையும் அம்மாவுக்கும் பேத்திக்கும் காட்டணும்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருந்தார். நான் ஒவ்வொரு தடவையும் "ஆடிட் சீசன் முடியட்டும்ப்பா"ன்னு சொல்வேன். வீடியோ வந்த வாரம் அவரே சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "விடும்மா, 25 வருஷம் கழிச்சு 75 லட்சத்தோட போலாம்." அதுக்கப்புறம் அவர் கேட்கலை.

போன வருஷத்திலிருந்து அப்பாவுக்கு டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். சனிக்கிழமை சாயந்திரம் களைச்சுப் போய் வருவார். ஞாயிறு ஒரு நாள்தான் மிச்சம். சென்னையிலிருந்து தரங்கம்பாடி சுமார் 280 கிலோமீட்டர். ஒரே நாள்ல போய் வர்ற உடம்பு இப்ப அவருக்கு இல்லை. எஸ்ஐபி-யை நிறுத்தி வெச்சு அடுத்த வருஷம் தொடரலாம். பெத்தவங்களோட முட்டி, கிட்னி, குழந்தையோட ஆறு வயசு இதையெல்லாம் நிறுத்தி வைக்க முடியாது. என்னோட கணக்குல விட்டுப்போன வரி இதுதான்.

அதனால என் கருத்து இப்ப இதுதான்: குடும்பத்தோட போற சின்ன ட்ரிப்பை பட்ஜெட்ல முதல்ல வெட்டுற ஐட்டமா வைக்காதீங்க. வாடகை, மளிகை மாதிரி அதுக்கும் ஒரு இடம் கொடுங்க. அதே சமயம், "வாழ்க்கை ஒரு தடவைதான்"னு சொல்லிக்கிட்டு கிரெடிட் கார்டைத் தேய்க்கிறதுக்கு இது லைசென்ஸ் கிடையாது. பணம் எங்க போகுதுன்னு பார்ப்போம்.

பணம் எங்க போகுது?

ரெண்டு பெரியவங்க, அம்மா, ஒரு குழந்தை. சென்னையிலிருந்து புதுச்சேரி, ஒரு ராத்திரி தங்கல், சொந்தக் கார். சும்மா ஒரு மாதிரிக் கணக்கு போடுறேன்:

- பெட்ரோல்: போக வர, ஊர் சுத்த 340 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர்னா சுமார் 2,300 ரூபாய்
- டோல்: 400
- ரூம்: 4,500, கூட 5% ஜிஎஸ்டி சேர்த்து 4,725
- சாப்பாடு: அஞ்சு வேளை, 4,500
- மத்தது: 1,500

மொத்தம் 13,425. இதுல ரூமும் சாப்பாடும் மட்டும் 9,225, அதாவது கிட்டத்தட்ட 70%. நாம என்ன பண்றோம்? எந்த பங்க்ல பெட்ரோல் 50 பைசா கம்மின்னு தேடுறோம். ரூம் எந்தத் தேதியில கம்மின்னு தேடுறதில்லை.

லாங் வீக்எண்ட்ல 5,000 ரூபாய் ரூம் 8,000 ஆகுதுன்னு வைங்க. 3,000தான் ஏறிச்சுன்னு நினைப்பீங்க. இல்லை. ஒரு நாள் வாடகை 7,500 வரைக்கும் 5% ஜிஎஸ்டி, அதைத் தாண்டினா 18%. அப்போ 5,250 கொடுக்க வேண்டிய இடத்துல 9,440 கொடுக்குறீங்க. வித்தியாசம் 4,190 ரூபாய், அதே கட்டில், அதே ஏசி. இதையே ஞாயிறு-திங்களுக்கு மாத்தி ஒரே ஒரு லீவு போட்டா பெரும்பாலான இடங்கள்ல ரேட்டும் இறங்கும், ஈசிஆர்ல கூட்டமும் இறங்கும். வருஷ கடைசியில வீணாப் போற கேஷுவல் லீவுதான் உங்க கையில இருக்கிற மலிவான டிக்கெட்.

நான் இப்ப கடைப்பிடிக்கிற அஞ்சு விஷயம்

ஒண்ணு, ட்ரிப்புக்குத் தனி அக்கவுண்ட். சம்பளம் வந்த மறுநாள் 4,000 ரூபாய் அதுக்குப் போயிடணும். ஆர்டி-யா இருந்தாலும் சரி, சும்மா சேமிப்புக் கணக்கா இருந்தாலும் சரி. மூணு மாசத்துல 12,000. அதுல இருக்கிற பணத்துக்குள்ள ட்ரிப், ட்ரிப்புக்காகப் பணம் தேடக் கூடாது. பாயிண்ட்டுக்காக கார்டுல கட்டலாம், அந்தப் பணம் ஏற்கெனவே அக்கவுண்ட்ல இருந்தா மட்டும். மினிமம் டியூ மட்டும் கட்டினா, மிச்சத்துக்கு மாசம் 3.5% மாதிரி வட்டி ஓடும், வருஷத்துக்கு 42%. "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு வந்தாலும் பிராசஸிங் ஃபீயும், வட்டிப் பகுதி மேல 18% ஜிஎஸ்டியும் இருக்கான்னு பாருங்க. ரெண்டு நாள் ட்ரிப்புக்கு ஆறு மாசம் இஎம்ஐ கட்டினா, அடுத்த ட்ரிப் வர்றப்போ முந்தின ட்ரிப்போட கடன் கூடவே கார்ல ஏறும்.

ரெண்டு, மூணு மணி நேர விதி. ஒரு ராத்திரி தங்கலுக்கு, வீட்டு வாசல்லேருந்து மூணு, மூணரை மணி நேரத்துக்குள்ள இருக்கிற ஊர் போதும். மாமல்லபுரம் 60 கிலோமீட்டருக்குள்ள. காஞ்சிபுரம் சுமார் 75. வேடந்தாங்கலும் ஏறக்குறைய அவ்வளவுதான், நவம்பர்லேருந்து மார்ச்சுக்குள்ள போனா பறவைகள் இருக்கும். வேலூர் 140, புதுச்சேரி 150, செஞ்சிக் கோட்டை 150-160. கொஞ்சம் நீட்டினா ஏலகிரி, 230 கிலோமீட்டர், ஜோலார்பேட்டை வரை ரயில்லயே போயிடலாம். ஊட்டியும் கொடைக்கானலும் அருமையான ஊர்தான். ஆனா சென்னைக்காரங்களுக்கு அது ரெண்டு நாள் ட்ரிப் இல்லை. போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி பஸ்ல போயிடும், வாகனத்துக்கு இ-பாஸ் வேற எடுக்கணும். அதை நாலு நாள் லீவுக்கு வைங்க.

மூணு, தேதியை முதல்ல முடிவு பண்ணுங்க. ஜனவரியிலேயே ஆபீஸ் லீவு லிஸ்ட்டையும் ஸ்கூல் காலண்டரையும் பக்கத்துல வெச்சு நாலு தேதி குறிங்க. ரயில் முன்பதிவு இப்ப 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது (2024 நவம்பருக்கு முன்னாடி 120 நாள்). அந்த 60-வது நாளுக்கு மொபைல்ல அலாரம் வைங்க. தட்கல் நம்பி குடும்பத்தைக் கிளப்பாதீங்க. முதல் நாள் காலையில 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு மத்த கிளாஸ்னு விரலை வெச்சுக்கிட்டு உட்கார்றது தனியாப் போறவங்களுக்கு சரி, அம்மாவையும் குழந்தையையும் கூட்டிப் போறவங்களுக்கு இல்லை.

நாலு, வரி, டோல் விஷயத்துல ஏமாறாதீங்க. "எல்டிஏ கிளெய்ம் பண்ணலாமே"ன்னு ஆபீஸ்ல சொல்வாங்க. புது வரி முறையில இருந்தா அந்த விலக்கே கிடையாது. பழைய முறையில இருந்தாலும் நாலு காலண்டர் வருஷ பிளாக்குக்கு ரெண்டு பயணம்தான். 2026-லேருந்து 2029 வரை ஒரு பிளாக். அதுலயும் பயணக் கட்டணம் மட்டும், ரூமும் சாப்பாடும் வராது, லீவு போட்டுப் போயிருக்கணும். வேலூருக்குப் போன ரயில் டிக்கெட்டுக்கு அதுல ஒண்ணைச் செலவு பண்ணிட்டு, அப்புறம் குடும்பத்தோட காசி போறப்போ முழிக்காதீங்க.

ஃபாஸ்டேக் வருஷ பாஸும் அப்படித்தான். 2025-ல அறிமுகமானப்போ 3,000 ரூபாய்க்கு 200 தடவை அல்லது ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அது. ஒரு டோலுக்கு சராசரியா 75 ரூபாய்னா, அந்த விலைக்கு 40 தடவை கடந்தாதான் காசு திரும்பும். தேசிய நெடுஞ்சாலை டோல்கள்ல மட்டும்தான் அது செல்லும், மாநிலச் சாலை டோல்ல செல்லாது. சொந்த ஊர் வேலூர் பக்கம், மாசாமாசம் போறீங்கன்னா வாங்குங்க. வருஷத்துக்கு நாலு தடவை ஈசிஆர் மட்டும் போறவங்களுக்கு அது வேண்டாம்.

அஞ்சு, யார் வர்றாங்களோ அவங்களுக்காக பிளான் பண்ணுங்க. ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு மூணு கேள்வி கேளுங்க: தரைத்தள ரூம் இருக்கா? லிஃப்ட் வேலை செய்யுதா? வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா? செஞ்சி ராஜகிரி மேல ஏறணும்னு உங்களுக்கு ஆசை இருக்கலாம். முட்டி வலி இருக்கிற அம்மாவுக்கு அது கீழே உட்கார்ந்து ஹேண்ட்பேக் பார்த்துக்கிற ட்ரிப். அவங்களைக் கூட்டிட்டுப் போனதா கணக்கு எழுதிக்காதீங்க.

கையில காசே இல்லைன்னா?

கார்டு கடன் இருக்கு, மூணு மாச செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் கூட இல்லைன்னா, ராத்திரி தங்கல் இப்போதைக்கு வேண்டாம். வீட்டுலயே இருங்கன்னும் சொல்ல மாட்டேன். காஞ்சிபுரத்துக்கு சென்னையிலிருந்து புறநகர் ரயிலே போகுது. புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கிட்டு காலையில கிளம்பினா சாயந்திரம் வீடு. மாமல்லபுரத்துல கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் பார்க்க தொல்லியல் துறை டிக்கெட் ஒருத்தருக்கு 40 ரூபாய், 15 வயசுக்குக் கீழ இலவசம். நாலு பேர் குடும்பம் ஆயிரத்துச் சொச்சத்துல ஒரு முழு நாளை முடிச்சுக்கலாம். கடனை அடைச்சுக்கிட்டே இதைச் செய்யலாம்.

"மேடம், அப்போ பழைய வீடியோவை டெலீட் பண்ணுவீங்களா"ன்னு கேட்பீங்க. மாட்டேன். ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கணும்ங்கிறதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, என் எஸ்ஐபி இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. மாசம் 4,000-ஐ ட்ரிப்பிலிருந்து எடுக்கச் சொன்னதுதான் தப்பு. அதுக்குப் பதிலா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துற மொபைலைக் கேட்டிருக்கணும், யாரும் பார்க்காத ஓடிடி சந்தாவைக் கேட்டிருக்கணும்.

இப்ப நாங்க ஞாயித்துக்கிழமைகள்ல மாமல்லபுரம் வரைக்கும் போறோம். அப்பாவுக்குத் தண்ணி அளவு இருக்கு, அதனால சின்ன பாட்டில் ஒண்ணு. வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்பிடுவோம். போன மாசம் கடற்கரைக் கோயில் பக்கத்துல நிழல்ல உட்கார்ந்து என் பொண்ணுகிட்ட தரங்கம்பாடிக் கோட்டை எப்படி இருக்கும்னு மணல்ல வரைஞ்சு காட்டிக்கிட்டு இருந்தார். டயாலிசிஸ் நாளை முன்னப்பின்ன மாத்தி, ஒரு ராத்திரி புதுச்சேரியில தங்கி, மறுநாள் தரங்கம்பாடி போய் வர முடியுமான்னு டாக்டர்கிட்ட கேட்டிருக்கோம். இன்னும் பதில் வரலை. பணம் அக்கவுண்ட்ல ரெடியா இருக்கு.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. இந்த வாரம் ஊருக்குப் போன் பேசுறப்போ, "உங்களுக்கு எங்க போகணும்னு ஆசை?"ன்னு கேளுங்க. "எங்கயும் வேண்டாம்ப்பா, செலவு எதுக்கு"ன்னுதான் முதல்ல சொல்வாங்க. ரெண்டாவது தடவை கேளுங்க. வர்ற ஊர்ப் பேரை அந்த ட்ரிப் அக்கவுண்ட்டுக்குப் பேரா வெச்சுட்டு, முதல் 4,000-ஐப் போட்டுட்டு, எந்த ஊருன்னு கீழே கமெண்ட்ல எழுதுங்க.