நிலையம் வரை நடக்க வழி வேண்டும்



வடபழனி முதல் போரூர் வரை ஆற்காடு சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், அந்தச் சாலையில் அன்றாடம் வேலைக்குப் போய்வருபவர்கள் கூடிப் பேசி விடுக்கும் வேண்டுகோள் இது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் நம் பகுதிக்கு வருகிறது. வீட்டிலிருந்து நிலையம் வரை நாம் எப்படிப் போகப்போகிறோம் என்பதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் இடையே சுமார் 10 கிலோமீட்டரில் தொடங்கிய சென்னை மெட்ரோ, விம்கோ நகர் வரை நீண்டு 54 கிலோமீட்டர் ஆனது. இரண்டாம் கட்டம் மட்டும் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு ரூ.63,246 கோடி. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கும் சோழிங்கநல்லூருக்கும் இரண்டு வழித்தடங்கள், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு ஒன்று. ஆழ்வார்திருநகர் முதல் ஆலப்பாக்கம் வரை இவற்றில் இரண்டு, ஒரே தூண்களின் மேல் ஈரடுக்காகப் போகின்றன.

இதற்கு நம் மக்கள் கொடுத்த விலை சிறிதல்ல. தகரத் தடுப்புக்குப் பின்னால் மறைந்துபோன கடைகளில் வியாபாரம் படுத்தது. பத்து நிமிட தூரத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. 2025 ஜூனில் ராமாபுரம் அருகே பரங்கிமலை – பூந்தமல்லி சாலையில் மேம்பாலப் பாதைக்கான கான்கிரீட் உத்திரம் சரிந்து, அவ்வழியே பைக்கில் போன ஒருவர் உயிரையே விட்டார். இவ்வளவு கொடுத்து வாங்கிய ரயில் நிறைந்து ஓட வேண்டும். அது எங்கள் ஆசை மட்டுமல்ல, எங்கள் உரிமையும்கூட.

நிறையுமா? 2024ஆம் ஆண்டில் மெட்ரோவில் 10 கோடிக்கும் அதிகமான பயணங்கள் நடந்தன. நல்ல வளர்ச்சிதான். ஆனால் நாள் கணக்கில் பார்த்தால் 3 லட்சத்துக்குள் அடங்கிவிடுகிறது. மாநகரப் பேருந்துகளிலோ தினமும் 30 லட்சம் பேருக்கு மேல் போகிறார்கள். காரணம் எளிது. பேருந்து நம் தெருமுனைக்கே வருகிறது. மெட்ரோவுக்கு நாம் போக வேண்டும்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 2007இல் வேளச்சேரியைத் தொட்ட பறக்கும் ரயிலை நினைத்துப் பாருங்கள். திருமயிலை நிலையம் போன்ற பிரம்மாண்டமான கட்டடங்கள். உள்ளே ஆளில்லாத கூடங்கள். இறங்கியதும் பேருந்தைத் தேடி நடக்க வேண்டும், நடக்கும் வழியில் வெளிச்சம் இருக்காது. இருட்டிய பிறகு தனியாகப் போகப் பெண்கள் அஞ்சினார்கள். தண்டவாளத்தில் குறை இல்லை, ரயிலிலும் குறை இல்லை. நிலையத்தை ஊரோடு சேர்க்க யாரும் மெனக்கெடவில்லை, அவ்வளவுதான்.

உட்தெருக்களிலிருந்து நிலையங்கள் வரை எங்களில் சிலர் அளவுநாடாவோடு நடந்தோம். முதலில் ஒரு வீட்டுச் சாய்தளம் நடைபாதையை விழுங்கியிருக்கிறது. கீழே இறங்கி ஏறினால் டிரான்ஸ்பார்மர் வேலி. அதைச் சுற்றிவந்தால் வரிசையாக பைக்குகள். அடுத்து மழைநீர் வடிகால் மூடி, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எங்களோடு வந்த மூட்டுவலிக்காரப் பாட்டி ஒருவர், நடைபாதையை விட்டுவிட்டு வண்டிகளுக்கு இடையே தார்ச்சாலையில்தான் நடந்தார். அவருக்கு மெட்ரோ நிலையத்தின் மின்தூக்கி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, காலுக்கு எட்டவில்லை.

நடைபாதையில் தடங்கலின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது இந்திய சாலைகள் குழுமத்தின் வரையறை. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை 2014இலேயே சென்னை மாநகராட்சி ஏற்றது. தி.நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை 2019இல் வந்தும்விட்டது. தி.நகரில் முடிந்தது நம் வளசரவாக்கத்தில் ஏன் முடியாது?

தடையாக நிற்பது துறைகளின் பிரிவினை. பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, உட்தெரு மாநகராட்சியுடையது, மின்பெட்டி மின்வாரியத்துடையது, பாதாளச் சாக்கடை மூடி குடிநீர் வாரியத்துடையது. இவர்களையெல்லாம் ஒரே மேசையில் உட்காரவைக்கத்தான் கும்டா என்ற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010இல் சட்டம் இயற்றப்பட்டது. பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ எல்லாவற்றுக்கும் ஒரே செயலியில் சீட்டு எடுக்கும் ‘சென்னை ஒன்’ வசதியை 2025 செப்டம்பரில் அது கொண்டுவந்தது. சீட்டை ஒன்றாக்க முடிந்தவர்களால் நடைபாதையையும் ஒழுங்காக்க முடியும் என்று நம்புகிறோம்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறோம். நடைபாதையைச் சீராக்குவதென்றால் பூக்காரம்மாவையும் இளநீர்க்காரரையும் விரட்டுவதென்று பொருள் கொள்ள வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கு நிலையத்திலிருந்து இறங்கும் பெண்ணுக்கு அந்தத் தள்ளுவண்டி விளக்குதான் துணை. 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கு உரிய இடத்தை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, மீதி இடத்தை நடப்பவர்களுக்கு விட வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது. வீட்டுச் சாய்தளத்தை வாசலுக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். கடைப் பலகையை உள்ளே வையுங்கள். நடைபாதையில் பைக்கை ஏற்றி நிறுத்தாதீர்கள். இதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நிலையத்துக்குத் தொலைவில் இருக்கும் தெருக்களுக்குச் சிற்றுந்து கேட்க வேண்டும். 2013இல் தொடங்கிய அந்தச் சிறிய பேருந்துகள் பெரிய பேருந்து நுழையாத சந்துகளிலும் போகின்றன. மெட்ரோ நேரத்தோடு ஒத்துப்போகும்படி அவை நம் பகுதியிலும் ஓடினால், பைக்கை வீட்டில் விட்டுவரப் பலர் தயார்.

இதையெல்லாம் கேட்க ஓர் இடம் இருக்கிறது. நகரங்களில் 2022 நவம்பர் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. வருபவர்கள் சிலர்தான், அவர்கள் பேசுவதும் பெரும்பாலும் குப்பை, கொசு பற்றித்தான். அடுத்த கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வாருங்கள். அதற்கு முன் உங்கள் வீட்டிலிருந்து அருகிலுள்ள நிலையத்துக்கு ஒருமுறை நடந்து, எங்கே இறங்கி ஏற வேண்டியிருந்தது, எந்த விளக்கு எரியவில்லை, எந்த இடத்தில் சாலையைக் கடக்க வழியில்லை என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். கவுன்சிலர் கையில் கொடுத்து, தீர்மானமாகப் பதிவாகும்வரை இருந்துவிட்டு வீடு திரும்புங்கள்.

இப்படிக்கு,
ஆற்காடு சாலைப் பகுதிக் குடியிருப்போர், சிறுவணிகர்கள், பயணிகள்