நான்கு மணி நேரம் எனும் கணக்கு

திருச்சிராப்பள்ளிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வானவழித் தொலைவு ஏறத்தாழ 3000 கிலோமீட்டர். நேரடி விமானம் அதனை நான்கு மணி நேரத்தையொட்டிக் கடந்துவிடுகிறது. சிங்கப்பூர் அண்டை வீடாகிவிட்டதெனப் பலர் பெருமிதம் கொள்கின்றனர். காரைக்காலில் வாழும் நமக்கு அப்பெருமிதத்தில் பாதியே உரியது.

திருச்சி நமக்கு மேற்கே இருக்கிறது, சிங்கப்பூரோ தென்கிழக்கே. சாலைவழி ஏறக்குறைய 150 கிலோமீட்டர் மேற்கே சென்றால்தான் விமானம் ஏற இயலும். ஏறியபின் அவ்விமானம் கிழக்கே திரும்பிக் கடலை நோக்கிப் பறக்கிறது! திருவாரூர், தஞ்சை எனக் கடைவீதிகளையும் நெல் வண்டிகளையும் கடந்து செல்லும் அச்சாலைப் பயணமும் நான்கு மணி நேரத்தை விழுங்கிவிடுகிறது. மூன்று மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் இருத்தல் வேண்டும். இறங்கியபின் குடிநுழைவு வரிசை வேறு. பயணச்சீட்டில் காணும் நேரமும் இரண்டரை மணி வேறுபாட்டால் முதன்முறை செல்வோரை மயக்கும். ஆக, வீட்டு வாயிலிலிருந்து கணக்கிட்டால் அரைநாள்.

கப்பற்காலத்தில் நிலைமை நேர்மாறு. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் நாகப்பட்டினத்தில் நம் சபுராளிகளை ஏற்றிப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர்த்தது. கடலில் ஒரு வாரம் கழியும். துறைமுகமோ 20 கிலோமீட்டரில். வழியனுப்ப ஊரே திரண்டது. அதன்பின் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985-இல் தீவிபத்துக்குள்ளானதோடு அக்கடல்வழி முடிவுற்றது.

இன்று வாப்பாவின் மரணச் செய்தி நொடியில் மகனைச் சென்றடைகிறது. நல்லடக்கத்தைத் தாழ்த்தலாகாது என்பது நம் மார்க்க நெறி. மகன் அடுத்த விமானத்தைப் பிடித்து வானில் நான்கு மணி நேரத்தில் வந்துவிடுகிறான். நள்ளிரவில் திருச்சியில் இறங்கியவன், வாடகை வண்டிக்குப் பேரம் பேசி நிற்கும் பொழுதில்தான் அவன் முகம் பார்க்கும் வாய்ப்பு நழுவுகிறது. இத்தகைய வீடுகளை நாம் அறிவோம்.

காரைக்காலிலேயே பன்னாட்டு விமான நிலையம் வேண்டுமென்போர் உளர். சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட நம் மாவட்டத்திற்கு அஃது எட்டாக்கனி என்றே நாம் கருதுகிறோம். 2024-இல் திருச்சி நிலையத்திற்குப் புதிய முனையம் கிடைத்தது. அதன் வாயிலிலிருந்து காரைக்காலுக்கு, விமானங்களின் நேரத்தை ஒட்டி, இரவிலும் பேருந்து ஓடச் செய்தல் கைக்கெட்டும் செயல். புதுவை அரசும் தமிழக அரசும் அமர்ந்து பேசினால் ஒரே கூட்டத்தில் முடியும் இது. கோரிக்கை மனுவை நம் ஊர் ஜமாஅத்துகளும் வணிகர் சங்கங்களும் ஒன்றாகக் கையெழுத்திட்டு அனுப்பலாமே?