படிக்க முடியாத ஜாதகம்

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியம் ஒன்றைச் சாத்தான்குளத்து ஜோசியர் கையில் கொடுத்தால், முதலில் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். கட்டம் இருக்கிறது, எண் இருக்கிறது, மலையாளம்போல நெளியும் எழுத்தும் இருக்கிறது. ஒரு வரிகூடப் படிக்க முடியாது!

கோவையில் 1911இல் பிறந்த பணிக்கருக்கு, 1963 வாக்கில் இந்த வரிசைக்குப் பொறி தந்தது ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கமாம்.

மதச் சமரசம் என்றதும் நாம் சிலுவை, பிறை, ஓங்காரம் மூன்றையும் ஒரே காலண்டரில் அச்சடித்துவிடுகிறோம். பணிக்கர் அந்தச் சுலப வழிக்குப் போகவில்லை. அவர் ஓவியத்தின் எழுத்து எந்த மொழிக்காரருக்கும் சொந்தமில்லை. அதனாலேயே எல்லாரும் அதன் முன் ஒரே தூரத்தில் நிற்கிறோம்.

1966இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் அவர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்திலும் அந்தச் சமரசம் இருந்தது: நந்தி வரைந்த ஓவியர் ஜே. சுல்தான் அலி அங்கேதான் இருந்தார்.