பல்லைப் பிடுங்கிப் போடவா பட்டம்?

நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப்புற வைத்தியசாலை ஒன்றுக்கு முதல் நியமனத்தோடு போய் இறங்கும் பல் வைத்தியருக்கு ஒரு நாற்காலி இருக்கிறது, ஓர் உதவியாளர் இருக்கிறார், விடியற்காலையிலேயே இலக்கம் எடுத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருக்கும் சனமும் இருக்கிறது. பக்கத்தில் நின்று தொழில் சொல்லிக்கொடுக்க ஒரு மூத்தவர் மட்டும் பெரும்பாலும் இல்லை. அரச நியமனம் தாமதமாகி ஹட்டனிலோ தலவாக்கலையிலோ தனியார் பல் சிகிச்சை நிலையத்தில் ஒதுங்குகிறவரின் பாடு அதைவிட மோசம். அவருக்கு மாதச் சம்பளமே கிடையாது. நாற்காலியில் வந்து உட்காருகிறவர் கொடுக்கும் காசில் ஒரு சதவீதம்தான் கூலி. இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டு சுகாதார அமைச்சு, இலங்கை மருத்துவ சபை, மத்திய மாகாண சுகாதாரத் திணைக்களம், தோட்டக் கம்பனிகள் ஆகிய நான்கு தரப்பும் வாய் திறக்காமல் இருப்பதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

மலையகத் தொழிலாளியின் பல்லைப் பற்றி உலகம் அறியாமல் இல்லை. 1970இல் நோர்வே ஆய்வாளர் ஹரால்ட் லோ தலைமையிலான குழு பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஹெரோ தோட்டங்களுக்கு வந்து 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்தது. ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது ஒஸ்லோ நகரத்து மாணவர்களையும் கல்விமான்களையும். அங்கே சிறுவயதிலிருந்தே பல் வைத்தியம் கிடைத்தது. இங்கே பிரஷ் பழக்கமும் இல்லை, வைத்தியரும் இல்லை. சிகிச்சையே கிடைக்காவிட்டால் ஈறு நோய் எப்படி வளரும் என்று அறிய இதைவிடத் தோதான இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1986இல் முடிவு அச்சேறியது: 8 சதவீதத்தினருக்கு நோய் விரைந்து பரவியது, 81 சதவீதத்தினருக்கு மிதமாக, 11 சதவீதத்தினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டவில்லை. இன்றைக்கும் ஈறு நோய் படிக்கும் மாணவர் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த எண்களைப் படித்துத்தான் பரீட்சை எழுதுகிறார். 2010இல் மறுபடி தேடிப் போனபோது அந்த 480 பேரில் 75 பேரைத்தான் பரிசோதிக்க முடிந்தது. நம் பாட்டன்மாரின் வாய் உலகத்துக்குப் பாடப்புத்தகமானது. அந்தப் பாடத்தைப் படித்துப் பட்டம் வாங்கி அதே மலைக்குத் திரும்பி வரும் பிள்ளையைத்தான் இன்று தனியே விட்டுவைத்திருக்கிறோம்.

இதற்குத் தூரத்தைக் காரணம் காட்டுவது எடுபடாது. 1943இல் கொழும்பில் தொடங்கிய பல் வைத்தியக் கல்வி பின்னர் பேராதனைக்கு வந்தது. அண்மையில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் இன்னொரு பீடம் ஆரம்பமாகும்வரை நாட்டுக்கே பல் மருத்துவ பீடம் பேராதனையில் மட்டும்தான் இருந்தது. மலையகத்திலிருந்து இறங்கும் மகாவலி அந்த வளாகத்தின் ஓரமாகத்தான் ஓடுகிறது. ஜப்பானிய உதவியில் எழுந்த போதனா வைத்தியசாலை அங்கே இருக்கிறது, பேராசிரியர்கள் இருக்கிறார்கள், எல்லாத் துறைக்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். கினிகத்தேனை வளைவுகளைத் தாண்டி நாவலப்பிட்டி, கம்பளை வழியாக ஒரு பஸ் போய்ச் சேரும் தூரம்தான். நோயாளிகள் அந்தப் பாதையில் காலங்காலமாக இறங்கிப் போகிறார்கள். அறிவு மட்டும் அதே பாதையில் ஏறி வர மறுக்கிறது.

வழிகாட்டுதல் என்றால் ஏதோ பெரிய தத்துவம் என்று அதிகாரிகள் நினைத்துக்கொள்ள வேண்டாம். மேல் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கும்போது வேர் முறிந்து உள்ளே நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேல்தாடையில் அந்த வேர்களுக்குச் சற்று மேலேதான் காற்றறை இருக்கிறது. தவறான பக்கம் அழுத்தினால் வேர்த்துண்டு அதற்குள் போய்விடும். எலும்பைக் கொஞ்சம் செதுக்கி எடுப்பதா, தைத்துவிட்டுப் பேராதனைக்கு அனுப்புவதா, இல்லை விட்டுவைத்துக் கவனிப்பதா? அனுபவசாலி ஒருவர் படத்தைப் பார்த்து அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். தனியே நிற்கும் இளையவருக்கோ கை வியர்க்கிறது. வாயில் பஞ்சைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குப் பொகவந்தலாவைக்குக் கடைசி பஸ் போய்விடுமே என்ற கவலை. வெளியே இன்னும் இருபது பேர். இப்படி இரண்டு தடவை அடிபட்ட எந்த இளைஞரும் மூன்றாம் தடவை சிரமமான பல்லைத் தொடமாட்டார். இலேசாக வருவதைப் பிடுங்குவார், மற்றதைக் கடிதம் எழுதி அனுப்பிவிடுவார். திறமை துருப்பிடிப்பது இப்படித்தான். அதற்கு அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல நாம் தயாரில்லை.

கடிதத்தோடு போகும் அந்த அம்மாவின் கணக்கையும் பார்க்க வேண்டும். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபாவானது. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அதை 1750 ஆக்கும் முன்மொழிவு வந்தது. அதில் 200 ரூபா வேலைக்கு வந்தால் மட்டுமே அரசாங்கம் தரும் வருகைக் கொடுப்பனவு. பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகாத நாளில் பேர் (அன்றைய சம்பளம்) இல்லை, கொடுப்பனவும் இல்லை. பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து காப்பாற்ற வேண்டுமானால் இரண்டு மூன்று தடவையாவது வர வேண்டும், அதாவது இரண்டு மூன்று நாள் பேரை இழக்க வேண்டும். பிடுங்கினால் ஒரே நாள். அதனால்தான் நாற்காலியில் உட்காரும்போதே “புடுங்கிருங்க ஐயா” என்கிறார்கள். காப்பாற்றக்கூடிய பல் என்று அப்போது எடுத்துச் சொல்லி, அடுத்த வருகையைச் சம்பளம் குறையாத நாளுக்குப் போட்டுக் கொடுத்து, மனதை மாற்றுவதும் ஒரு கலைதான். அதையும் மூத்தவரிடம்தான் கற்க வேண்டும். கற்பிக்க ஆளில்லாத இடத்தில் இலவச வைத்தியம் கடைசியில் இலவசமாகப் பல் பிடுங்குவதாகச் சுருங்கிவிடுகிறது.

பல் போனால் சாப்பாடுதான் சிரமம். வாய்ப் புற்றைத் தவறவிட்டால் ஆளே போய்விடுவார். இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய். பாக்கும் வெற்றிலையும், புகையிலை சேர்க்காவிட்டாலும்கூட, புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் அறுதியாகச் சொல்லிவிட்டது. மழையிலும் பனியிலும் நிற்கும் கொழுந்து மலையில் வெற்றிலை எவ்வளவு தூரம் வேலையோடு ஒட்டிய பழக்கம் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படலம், அதைவிட ஆபத்தான சிவப்புத் திட்டு, வாய் மெல்ல மெல்லத் திறக்க முடியாமல் இறுகிப்போவது: இவை எல்லாம் பல்வலிக்கு வந்தவரின் வாயில்தான் தற்செயலாகக் கண்ணில் படும். கண் பழகியிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அன்றைக்கே கேட்க ஒருவர் இருக்க வேண்டும். அடிப்படைச் சுகாதார ஊழியர்களுக்குச் சிறிது பயிற்சி கொடுத்தாலே இந்த அடையாளங்களைக் கண்டுபிடிக்க முடியும் என்று இதே இலங்கையில் நடத்திய ஆய்வொன்று 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது. நாற்பது வருடங்களுக்கு முன்பே சாத்தியம் என்று நிரூபித்த ஒன்றை, பட்டம் பெற்ற வைத்தியருக்குக்கூட ஒழுங்காக அமைத்துக் கொடுக்காமல் இருப்பதற்கு அமைச்சு என்ன சாக்குச் சொல்லப் போகிறது?

இனிக் கூலி. தனியார் நிலையங்களில் புதியவருக்குக் கொடுக்கும் சதவீதம் ஒரு சம்பள முறையே அல்ல. ஆள் வராத மழை நாளுக்கு அதில் ஒன்றுமில்லை. பல் கட்டும் ஆய்வுகூடச் செலவைக் கழித்த பிறகா, கழிக்குமுன்பா சதவீதம் என்பது முதலாளி வாய்க்கு வந்தபடி. நியமனக் கடிதம் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும் கட்ட வேண்டும் என்ற சட்டம் கொழுந்து பறிக்கும் தாய்க்குப் பொருந்துகிறது. அவள் பாடுபட்டுப் படிக்கவைத்து வைத்தியராக்கிய மகளுக்கோ, “நீங்கள் ஊழியர் இல்லை, பங்காளி” என்று சொல்லி அதே சட்டத்தைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீட்டில் நுவரெலியாவுக்கு இடம் வைத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும் நாடு, அவர்கள் வெளியே வந்ததும் இப்படித் தெருவில் விடுவதில் என்ன நியாயம்?

சதவீதக் கூலியின் சூது மலையகத்தாருக்குப் புதிதல்ல. கிலோவுக்குக் காசு என்றால் கை இலையைப் பார்ப்பதில்லை, தராசைத்தான் பார்க்கும். அதனால்தான் கம்பனிகள் நாட்சம்பளத்தைக் கைவிட்டு உற்பத்திக்கேற்ற கூலி, வருமானப் பங்கீடு என்று வரும்போதெல்லாம் தொழிற்சங்கங்கள் மறித்து நிற்கின்றன. பல் நாற்காலியிலும் நடப்பது அதுவேதான். நிரப்பினால் இவ்வளவு, உறை போட்டால் அதைவிட அதிகம் என்று கணக்கிருக்கையில், கடன் கட்ட வேண்டிய இளைஞரின் கை எந்தப் பக்கம் சாயும்? துப்புரவு செய்து, பிரஷ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, ஆறு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பினால் அவர் பையில் விழுவது சில்லறை. முதல் இரண்டு வருடங்களில் படியும் பழக்கம்தான் ஒரு வைத்தியரை ஆயுள் முழுவதும் நடத்தும். அந்த இரண்டு வருடத்தையே தராசுத்தட்டில் தூக்கி வைத்திருக்கிறார்கள்.

“நாங்களும் அப்படித்தான் தட்டுத்தடுமாறிக் கற்றோம்” என்று சில மூத்தவர்கள் சொல்கிறார்கள். தட்டுத்தடுமாறியது யாருடைய வாயில் என்பதையும் அவர்களே சொல்லட்டும். நம் சுகாதார முறைக்கு முன்மாதிரி என்று எதற்கெடுத்தாலும் சுட்டப்படும் பிரித்தானியாவில், தேசிய சுகாதாரச் சேவையில் பல் வைத்தியம் செய்ய விரும்பும் புதிய பட்டதாரி ஒரு வருடம் மேற்பார்வையில் பயிற்சி பெறுவது 1993இலேயே கட்டாயமானது. அந்த வருடத்துக்கு நிலையான சம்பளம் உண்டு. அதே கட்டடத்தில் வேலை செய்யும் பயிற்றுநருக்கும் அதற்கெனக் கொடுப்பனவு உண்டு. கற்றுக்கொடுப்பது தர்ம காரியம் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. அதையும் வேலையாக மதித்துக் காசு வைத்தார்கள். இங்கே 2024 ஜனவரியில் வைத்தியர்களின் டி.ஏ.டி. (இடையூறு, தயார்நிலை, போக்குவரத்து) கொடுப்பனவு 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக உயர்ந்தது. மற்றத் தொழிற்சங்கங்கள் தமக்கும் வேண்டுமென்று வேலைநிறுத்தத்தில் இறங்கின. ஆக, பொருளாதார நெருக்கடிக்குப் பிறகும் நெருக்கினால் திறைசேரி திறக்கிறது. இளையவர் பக்கத்தில் நிற்கும் மூத்தவரின் மணித்தியாலத்துக்கு விலை கேட்பது மட்டும் இதுவரை எவருடைய கோரிக்கைப் பட்டியலிலும் முன்வரிசைக்கு வரவில்லை. அரச பல் வைத்தியர் சங்கத்துக்கும் இதைச் சேர்த்தே சொல்கிறோம்.

மொழியும் ஒரு சிக்கல்தான். கொழும்பிலிருந்தோ மாத்தறையிலிருந்தோ வரும் சிங்கள இளைஞர் நல்ல மனதோடுதான் வருகிறார். ஆனால் “உங்கள் கன்னத்தில் இருப்பது புண் அல்ல, கண்டிக்குப் போய்ச் சதைத்துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும்” என்பதை உதவியாளர் வழியாகச் சொல்ல விட்டால் பாதி வழியிலேயே “பயப்பட ஒன்றுமில்லை” என்று மாறிவிடும். முதல் வருடப் பயிற்சியில் தோட்டத்துத் தமிழும் ஒரு பாடமாக இருக்கட்டும்.

இனி நாம் கேட்பது தெளிவானது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி வந்து திறந்துவைத்த 150 கட்டில் டிக்கோயா ஆதார வைத்தியசாலையும் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையும் புதிய பல் வைத்தியர்களின் முதல் வருடப் பயிற்சி மையங்களாக அறிவிக்கப்பட வேண்டும். மஸ்கெலியாவுக்கோ அக்கரப்பத்தனைக்கோ நியமனம் பெறுகிறவர் கிழமையில் குறித்த நாட்கள் அங்கே மூத்தவர் பக்கத்தில் நின்று வேலை செய்த பிறகே தனியே விடப்பட வேண்டும். பேராதனை பீடம் தன் நிபுணர்களைச் சுழற்சி முறையில் மலைக்கு அனுப்ப வேண்டும். எக்ஸ்ரே படத்தையும் வாயின் படத்தையும் தொலைபேசியில் அனுப்பினால் அன்றே பதில் சொல்ல ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். அதற்குக் கட்டடம் தேவையில்லை, திறப்பு விழாவும் தேவையில்லை. ஒருவேளை அதனால்தானோ என்னவோ யாருக்கும் அதில் ஆர்வமில்லை.

தனியார் பக்கம் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவுசெய்யும் ஒழுங்குபடுத்தல் பேரவை, புதிய பட்டதாரிக்கு எழுத்து மூல ஒப்பந்தம், நிலையான அடிப்படைச் சம்பளம், சேமலாப நிதி ஆகியவை இல்லாத நிலையத்தின் பதிவைப் புதுப்பிக்க மறுக்க வேண்டும். அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் ஊக்கத்தொகை கொடுப்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. அடியில் ஒன்றுமே இல்லாமல் சதவீதம் மட்டும் என்பதைத்தான் தடைசெய்யக் கேட்கிறோம். தோட்டக் கம்பனிகளும் தப்ப முடியாது. தொழிலாளரின் சுகாதாரத்துக்குத் தோட்டம் பொறுப்பு என்று 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே எழுதிவைத்தது. பல் சிகிச்சைக்குத் திகதி குறித்த துண்டைக் காட்டும் தொழிலாளிக்கு அன்றைய பேர் போடப்பட வேண்டும்.

மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்தது. அதன்பின் மாகாண சுகாதாரத் திணைக்களத்தைச் சபையில் எழுந்து கேள்வி கேட்க மக்கள் பிரதிநிதி எவரும் இல்லை. ஆகவே ஆளுநரையும் மாகாண சுகாதாரச் செயலாளரையும் இங்கேயே கேட்கிறோம்: மாவட்டத்தில் தனியே நிற்கும் பல் வைத்தியர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் பொறுப்பான மூத்தவர் யார் என்ற பட்டியலை வெளியிடுங்கள். அடுத்த தொகுதி நியமனக் கடிதங்களில், வைத்தியசாலையின் பெயருக்குக் கீழே மேற்பார்வையாளரின் பெயரும் அச்சிடப்பட வேண்டும். பெயர் போட ஆள் இல்லையென்றால் அந்தக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள். முதலில் ஆளைக் கொண்டுவாருங்கள்.