அடித்தால் படியுமா?

‘அடியாத மாடு படியாது’ என்பர் நம்மவர். அதை ஏற்க என் மனம் மறுக்கிறது, நண்பர்களே!

விடுமுறையில் மூணாற்றுக்குச் சென்றிருந்தேன். எங்கள் லயத்துக் கதவின் அடிப்பலகையை நாய்க்குட்டி காலையிலேயே கடித்துக் குதறியிருந்தது. கொழுந்து பறித்து அந்தியில் திரும்பிய அம்மா விறகை ஓங்கினார். கம்பெனி வீடாயிற்றே, கதவுக்குக் கணக்குக் கேட்டால்? அவர் அச்சம் நியாயமே.

ஆயினும், காலைக் குற்றத்துக்கு மாலையில் அடித்தால் குட்டிக்கு விளங்குமா? நம்மைக் கண்டு அஞ்சவே அது கற்கும். நான்காம் மாத அளவில் அதன் 28 பால்பற்கள் விழத் தொடங்கி, 42 பற்கள் முளைக்கின்றன, ஈறு தினவெடுக்கிறது. வாயில் அடங்காத ரப்பர்ப் பந்தொன்று கொடுங்கள்; அதைக் கடிக்கையில் தட்டிக்கொடுங்கள். தனியே விடுமுன் சற்று ஓடவிடுங்கள். உலவவிடாமல் எந்நேரமும் கட்டியே வைப்பதோ, 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

2020 ஆகஸ்டு 6 இரவு, எங்கள் மலையின் பெட்டிமுடி லயங்களை மண் மூடியது. 70 பேர் மாண்டனர். நாள்கள் கழித்து, தன் வீட்டுக் குழந்தையின் உடலைத் தேடிக் காட்டியது குவி என்னும் நாய். அந்த அன்பு தடியால் வந்ததா?

கதவைத் தச்சர் செப்பனிடுவார். முறிந்த நம்பிக்கையைச் செப்பனிடுவார் யார்?