பறை யாருக்காகப் பேச வேண்டும்?

நைஜீரியாவின் யோருபா மக்களிடம் ‘துந்துன்’ என்றொரு முரசு உண்டு. நம் உடுக்கை போல இடை சிறுத்திருக்கும். அக்குளில் இடுக்கிப் பக்கவாட்டு வார்களை அழுத்தினால் ஒலி ஏறும், தளர்த்தினால் இறங்கும். யோருபா மொழியில் ஏற்றம், சமம், இறக்கம் என மூன்று தொனிகள். தொனி மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும். அந்தத் தொனிகளை முரசு அப்படியே எழுப்புவதால், பழமொழியும் அரசரின் குலப்புகழும் வாக்கியமாகவே கேட்பவருக்குப் புரிகின்றன.

தமிழ் அப்படிப்பட்ட மொழி அல்ல. எனவே பறை சொல்லை ஒலிக்காது, சேதியை ஒலிக்கும். சாவுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாமி புறப்பாட்டுக்கு ஓர் அடி. அடியைக் கேட்டே ஊர் விஷயத்தை அறியும். ‘பறை’ என்றாலே சொல் என்று பொருள். மலையாளத்தில் இன்றும் ‘பறயுக’ என்றால் சொல்லுதல்தான்.

ஆனால், வாசித்தவர்களின் நிலை ஒன்றல்ல. யோருபா முரசுக் குடும்பத்தினர், முரசின் தெய்வமான ‘அயான்’ பெயரைத் தங்கள் பெயரின் முன்னே பெருமையோடு சேர்த்துக்கொள்கிறார்கள். இங்கே பறையின் பெயர் சாதிப் பெயராகி, ஆங்கில அகராதியில் ‘ஒதுக்கப்பட்டவர்’ என்ற பொருளில் ஏறிவிட்டது.

1739-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் முரசறைந்து கிளர்ந்தெழுந்தார்கள். 1740-இல் அவர்கள் முரசு வைத்திருக்கவே சட்டம் தடை போட்டது. அங்கே முரசைப் பறித்தார்கள். இங்கே பறையைத் தோளில் கட்டிவிட்டு, ஊர் சொல்வதை மட்டும் அடிக்கச் சொன்னார்கள்.

2022 ஆகஸ்டில், அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்துமாறு ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். அறிவிப்புகளுக்கு வாகன ஒலிபெருக்கி போதும் என்றார். 2025-இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. நிறுத்தச் சொன்னது சாதி சுமத்திய வேலையை, பாராட்டியது கலையை.

இந்த வேறுபாடு நம் ஊருக்கு வந்துவிட்டதா என்று அறிய ஒரு கேள்வி போதும்: சாவு வீட்டுக்கு அழைக்கும்போது, ‘வர முடியாது’ என்று அந்தக் கலைஞர் அச்சமின்றிச் சொல்ல முடிகிறதா? முடியாது என்றால் அங்கே நடப்பது கலை அல்ல, கட்டாய வேலை. பட்டியலின மக்களிடம் கட்டாய வேலை வாங்குவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பறை கற்கும் மாணவர்கள் அடிகளோடு இந்தச் சட்டத்தையும் கற்றுக்கொள்ள வேண்டும்.